யுகே பிஎச்டி: உதவித்தொகை முடியப் போகிறது, டெலிவரி வேலை பார்க்கலாமா?

மான்செஸ்டர்வாசி: வணக்கம். இங்கே பிஎச்டி செய்கிறேன். உதவித்தொகை நிற்கப் போகிறது. வாடகை கட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அடுத்த மாதம் மனைவி வேறு வருகிறார். நண்பன் தன் டெலிவரூ (சாப்பாடு டெலிவரி ஆப்) கணக்கைத் தருகிறேன், ராத்திரியில் ஓட்டு என்கிறான். ஓட்டலாமா? அவசரம்.

லீட்ஸ்காரன்: வேண்டவே வேண்டாம். டெலிவரி என்பது சுயதொழில், மாணவர் விசாவில் அதற்கு இடமில்லை. அடுத்தவர் கணக்கு என்றால் இன்னும் வம்பு. வாரம் 20 மணி நேரம் சம்பள வேலை பாருங்கள், கோடையில் முழு நேரம்.

லண்டன் அக்கா: தம்பி, பயப்பிடாதீங்கோ. நான் வந்த புதிதில் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சிகரெட் பெட்டி தள்ளித் தள்ளியே விடியும். இங்க லண்டன் ஈஸ்ட்ஹாமில் கடைகளில் கேளுங்கோ, காசாகவே கையில் தருவினம்.

லீட்ஸ்காரன்: அக்கா, அவர் மான்செஸ்டரில் இருக்கிறார்! கையில் வாங்கினாலும் மணிக்கணக்கு மணிக்கணக்குதான். மாட்டினால் விசா போச்சு.

கோவைப்பெண்: கோடையில் முழு நேரம் என்பது தப்பு. அது இளங்கலைப் பிள்ளைகளுக்கு. நமக்கு வருடம் முழுக்க டேர்ம்தான். கைடு ஒப்புக்கொண்ட லீவு நாட்களில் மட்டும் முழு நேரம் பார்க்கலாம்.

டர்ஹம் தம்பி: வருடத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவத்துக்காக விசாவோடு கட்டும் பணம்) வாங்குகிறார்கள். காய்ச்சல் என்று ஜிபிக்கு, அதாவது நம் பகுதி டாக்டருக்கு, போன் போட்டால் பாராசிட்டமால் சாப்பிடு என்கிறார்கள்!

லண்டன் அக்கா: பல் வலி வந்து பாருங்கோ, அப்ப தெரியும்.

கோவைப்பெண்: பேச்சு எங்கோ போகிறது. மான்செஸ்டர்வாசி, பணம் யார் தருவது? எத்தனையாவது வருடம்?

மான்செஸ்டர்வாசி: மன்னிக்கவும், யுகேஆர்ஐ, அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பு. நாலாவது வருடம், செப்டம்பரோடு முடிகிறது. தீசிஸில் இரண்டு அத்தியாயம் பாக்கி.

கோவைப்பெண்: இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! இடையில் மருத்துவச் சான்றோடு லீவு எடுத்திருந்தால் நீட்டிப்பு கேளுங்கள். இல்லையென்றால் பல்கலையின் ஹார்ட்ஷிப் ஃபண்டுக்கு (பணக் கஷ்டத்தில் உள்ள மாணவர்களுக்கான உதவி நிதி) இந்த வாரமே எழுதுங்கள். துறையில் லேப் டெமோ (லேப் வகுப்பில் மாணவர்களுக்கு உதவுவது), பேப்பர் திருத்தும் வேலை கிடைக்கும். அதுவும் வாரம் 20 மணி நேரத்துக்குள்தான். வாரக் கணக்கு திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சரிக்கட்ட முடியாது. அப்புறம், பிஎச்டி மாணவரின் மனைவி டிபென்டன்ட் விசாவில் (குடும்பத்தாருக்கான விசா) முழு நேரமே வேலை பார்க்கலாம். அவர் என்ன படித்திருக்கிறார்?