கடைப் பெட்டியில் போடுகிற பழைய பேட்டரி எல்லாம் எங்கே போகிறது? சேலத்துக்காரர்கள் சொல்லுங்கள்

நாகலூர்_மிளகு:
ஏற்காட்டில் காற்று பலமாக அடித்தால் எங்கேயாவது ஒரு சில்வர் ஓக் கம்பி மேல் சாயும், கரண்ட் போகும். அதனால் எங்கள் வீட்டில் சார்ஜ் டார்ச், எமர்ஜென்சி விளக்கு, பையனின் பொம்மைக் கார், பழைய போன் எல்லாம் சேர்ந்து நாலைந்து வருடத்துப் பேட்டரி ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தது. குப்பையில் போட மனசு வரவில்லை. போன வாரம் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன், வாசலில் 'பழைய பேட்டரிகளை இங்கே போடவும்' என்று பச்சைப் பெட்டி வைத்திருக்கிறார்கள். கொஞ்சத்தை மட்டும் போட்டுவிட்டு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன், கூட்டுகிற அம்மா அதே பெட்டியைத் தூக்கி அட்டை, தெர்மாகோல் போட்ட சாக்கில் கவிழ்க்கிறார். உள்ளே போய்க் கேட்டால், "அதெல்லாம் கம்பெனிக்குப் போயிடும் சார்" என்கிறார் கவுன்டரில் இருந்த பையன்.

எந்தக் கடைதான் ஒழுங்காக அனுப்புகிறது? அல்லது எல்லாமே வாசலில் வைக்கிற திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரிதானா?

செல்சர்வீஸ்_5ரோடு:
அண்ணா, நான் பதினோரு வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், உள்ளதைச் சொல்கிறேன். போன் பேட்டரியை நாங்கள் குப்பையில் போட மாட்டோம். நல்ல எண்ணம் என்று நினைக்காதீர்கள், அதற்குக் காசு வரும். உள்ளே கோபால்ட் இருக்கிறது, மாதம் ஒருமுறை ஆள் வந்து கிலோ கணக்கில் எடை போட்டு எடுத்துப் போவார், அது வெளியூர் போகிறது. லேப்டாப்பில் இருக்கிற 18650 உருளை செல் என்றால் இன்னும் கிராக்கி, அதில் உயிர் இருக்கிற செல்லைப் பிரித்து மறுபடி பவர் பேங்கில் போட்டு விற்கிற ஆட்களும் உண்டு, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். ஆனால் பென்சில் செல், பொம்மை செல், இப்போது சோலார் விளக்கில் வருகிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் இதையெல்லாம் அந்த ஆள் தொடக்கூட மாட்டார். பாஸ்பேட் செல்லில் கோபால்ட்டும் இல்லை நிக்கலும் இல்லை, அவருக்கு என்ன கிடைக்கப்போகிறது. விலை இருக்கிறது போகும், இல்லாதது சாக்குக்குப் போகும்.

இன்வெர்ட்டர்_கொண்டலாம்பட்டி:
தம்பி சொல்வது சரி. எங்கள் லைனில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை யாரும் தெருவில் விட்டதாகச் சரித்திரமே இல்லை, எடைக்கு எடை ஈயம், புதுசு வாங்கும்போது பழசுக்குக் கழித்துக்கொடுப்போம். ஆனால் கடையிலிருந்து போன பிறகு நடப்பதுதான் விஷயம். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், பெரிய உலை எல்லாம் வேண்டாம், ஒரு கொட்டகையும் ஒரு சட்டியும் போதும். ஆசிட்டை மண்ணில் ஊற்றிவிட்டுப் பட்டறை போடுகிறவனுக்கும் இந்த பேட்டரி போகிறது, ஏனென்றால் அவன் ஒழுங்கான ஆலையைவிட நாலு ரூபாய் கூடக் கொடுப்பான். அந்தப் புகையில் வளர்கிற பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கும். அதனால் 'விலை இருந்தால் நல்ல இடத்துக்குப் போகும்' என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நாகலூர் நண்பர் கவனிக்க, உங்கள் சார்ஜ் டார்ச் மலிவான ரகம் என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 4 வோல்ட் குட்டி ஈய பேட்டரி. அதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், எங்களை மாதிரி பேட்டரிக் கடையில் வாங்கிக்கொள்வோம்.

சுற்றுச்சூழல்_படித்தவள்:
கடையை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2022 ஆகஸ்ட்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளில் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற நிறுவனத்தின் தலையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. முன்பு 2001-ல் இருந்த விதிகள் ஈய பேட்டரிக்கு மட்டும்தான், இப்போது பொம்மை செல்லிலிருந்து மின்சார வண்டி வரை எல்லாம் அடக்கம். புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. நாம் செய்ய வேண்டியது, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது. ஆனால் நீங்கள் வாங்கிய அதே செல்லைத்தான் கம்பெனி திரும்ப எடுக்க வேண்டும் என்றில்லை, மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து அளவுக்குத் தக்க சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டலாம். ஏற்காட்டில் டப்பாவோடு நிற்கிறவரைத் தேடி யாரும் வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஒழுங்கான ஆலைக்குப் போய்ச்சேர்ந்தால் வீணே இல்லை. லித்தியம் செல்லில் மிச்ச சார்ஜை இறக்கி, நொறுக்கி, செம்பு, அலுமினியத்தைப் பிரித்தால் ஒரு கறுப்புத் தூள் மிஞ்சும், அதை அமிலத்தில் கரைத்து கோபால்ட், நிக்கல், லித்தியம் எடுப்பார்கள். சார்ஜ் பென்சில் செல்லில் இருப்பதும் நிக்கல்தான், எவர்சில்வரில் சேர்க்கிற அதே உலோகம். உருக்காலை இருக்கிற ஊரில் அதைக் குப்பையில் கொட்டுகிறோம் என்பதுதான் வயிற்றெரிச்சல். பழைய நிக்கல் காட்மியம் செல் என்றால் இன்னும் மோசம், காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கடையில் பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடைசியாக எப்போது எடுத்துப் போனார்கள், எடுத்தது யார், ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். கொடுக்கிற கடை காட்டும்.

அம்மாபேட்டை_மாமா:
ரசீது கிசீது எல்லாம் இருக்கட்டும், நான் மாநகராட்சியில் குப்பை வண்டி மேற்பார்வை பார்த்து ரிட்டையர் ஆனவன். 2016 திடக்கழிவு விதியிலேயே பேட்டரியை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்திருந்தார்கள், 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு இடம் வாங்குவதற்கு என்றும் இருந்தது. காகிதத்தில் என்றால் எல்லாம் உண்டு. நான் பயந்தது நெருப்புக்குத்தான். லித்தியம் பேட்டரி வண்டியில் அமுக்கும்போது நசுங்கினால் புகையும், பக்கத்திலேயே காய்ந்த அட்டை, பிளாஸ்டிக். ஒருமுறை நடுரோட்டில் குப்பையைக் கொட்டி மண்ணைப் போட்டு அணைத்தோம். தள்ளுவண்டிப் பெண்கள் கையுறைகூட இல்லாமல் பிரிக்கிறார்கள், அதை நினைத்தாவது கலக்காதீர்கள்.

எதிர்முனை, நேர்முனை இரண்டிலும் செல்லோடேப் ஒட்டுங்கள். உப்பிப்போன பேட்டரி இருந்தால் குத்தாதே, அமுக்காதே, மறுபடி சார்ஜ் போடாதே. தகர டப்பாவில் காய்ந்த மணலுக்குள் வைத்து வீட்டுக்கு வெளியே வை.

நாகலூர்_மிளகு:
எல்லோருக்கும் நன்றி. மாமா சொன்னதைப் படித்ததும் மிச்சமிருந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன், பையனின் பழைய டேப்லெட் பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருக்கிறது, இவ்வளவு நாள் அடுப்படி ஷெல்பில் இருந்தது! இப்போது மணலோடு மிளகு காயவைக்கிற களத்துக்குப் போய்விட்டது.

இன்று அந்தக் கடைக்குப் போன் போட்டு மேனேஜரிடம் மேடம் சொன்ன மூன்று கேள்வியையும் கேட்டேன். முதலில் சிரித்தார், அப்புறம் "போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை வந்தாங்க" என்றார். யார் என்று தெரியவில்லை. ரசீது இல்லை. கூட்டுகிற அம்மாவைத் திட்டிவிடாதீர்கள், அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

டார்ச் மூன்றையும் பிரித்துவிட்டேன், ஈயம்தான். சனிக்கிழமை இறங்குகிறேன், கொண்டலாம்பட்டி அண்ணன் கடை எத்தனை மணி வரை? ஐந்து ரோடு தம்பி, போன் பேட்டரி ஆறு இருக்கிறது, காசு வேண்டாம், உங்கள் ஆள் எந்த ஊருக்குக் கொண்டுபோகிறார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். பென்சில் செல் இருபதுக்கு மேல் இருக்கிறது, அதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.