பின்பலகை மின் மோட்டார்: பவுண்டு கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

படகின் பின்முனையான அமரத்தில் மாட்டும் டிரோலிங் மோட்டார் (மீன்பிடிப் படகை மெதுவாகத் தள்ளும் சிறு மின் மோட்டார்) பற்றிப் பேச்செடுத்தாலே "எத்தனை பவுண்டு?" என்று உந்துவிசையைக் கேட்டுத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. விசிறியை நீருக்குள் இறக்கும் தண்டு எவ்வளவு நீளம், பேட்டரி எங்கே உட்காரப் போகிறது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு பவுண்டுக்கு வரலாம்.

பவுண்டுக் கணக்கு சுலபம். ஆள், பேட்டரி, எரிபொருள், மீன்பெட்டி எல்லாம் ஏறிய படகின் எடையில் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் குறைந்தது 2 பவுண்டு உந்துவிசை வேண்டும். 600 கிலோ என்றால் ஏறக்குறைய 1,320 பவுண்டு. 27 பவுண்டு போதும் என்று வரும். காற்றடிக்கும் நீர்நிலையில் அந்தக் குறைந்தபட்சத்தை நம்பி இறங்கக் கூடாது, 45 அல்லது 55 வாங்குங்கள். பொதுவாக 12 வோல்ட் மோட்டார்கள் 55 பவுண்டு வரை இழுக்கும். 80 வேண்டுமானால் 24 வோல்ட், 112 வேண்டுமானால் 36 வோல்ட். அதாவது இரண்டு அல்லது மூன்று பேட்டரிகள். ஆனால் பவுண்டு கூடுவதால் படகு பறந்துவிடாது. இந்த விசிறிகள் மெதுவாகத் தள்ளுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டரைத் தாண்டுவது அபூர்வம்.

தண்டு விஷயத்தை ஒரு நண்பரின் படகில் கண்ணால் பார்த்தேன். பின்பலகை (மோட்டார் மாட்டும் அமரப் பலகை) உயரமான படகு, 30 அங்குலத் தண்டு. நீர் அமைதியாக இருந்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. சிற்றலை எழும்பியதும் ஒவ்வொரு முறை அமரம் தூக்கும்போதும் விசிறி மேல்காற்றை உறிஞ்சி நுரையைக் கக்கியது. மோட்டார் கீச்சென்று கத்தியது, படகு நகரவில்லை. அவர் பெரிய மோட்டார் வாங்கும் யோசனையில் இருந்தார். கடைசியில் அதே உந்துவிசையில் 36 அங்குலத் தண்டு மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. விசிறியின் மேல்நுனி நீர்மட்டத்துக்கு ஒரு சாணாவது கீழே இருக்க வேண்டும். ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். வெறும் படகில் எடுத்த அளவு உதவாது.

அடுத்தது எடை. மோட்டாரும் பேட்டரியும் ஓட்டுபவரும் சேர்ந்து அமரத்திலேயே உட்கார்ந்தால் படகின் முன்முனையான அணியம் தூக்கிக்கொள்ளும். தூக்கிய அணியத்தைக் காற்று பிடித்துத் திருப்பும். பின்னாலிருந்து தள்ளும் மோட்டாருக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி முப்பது கிலோவை ஒட்டி இருக்கும். அதை முன்னால் நகர்த்துவதே பாதி மருந்து. ஆனால் கம்பி நீளும். 4 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டு 50 ஆம்பியர் இழுத்தால் போக வர ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அது அரை வோல்ட்டுக்குள் அடங்கும். சர்க்யூட் பிரேக்கரை பேட்டரி பக்கத்திலேயே வையுங்கள். மோட்டார் பக்கம் வைத்தால் நடுவில் உரசித் தோலுரியும் கம்பிக்குக் காவல் இல்லை.

* * *

மேலே சொன்ன காற்றுத் தொல்லைக்கு இன்னொரு வழி இருக்கிறது: படகைப் பின்புறமாக ஓட்டுவது. நீர்த்தேக்கம் ஒன்றில் ஒரு பெரியவர் அப்படித்தான் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அணியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் அமரத்தைக் காற்றுக்கு நேரே வைத்து, ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்பையொட்டி ஊர்ந்துகொண்டிருந்தார். தூண்டில் நரம்பு நேர்குத்தாக நின்றது. அணியம் கொடி போலத் தானாகக் காற்றின் போக்கில் பின்னால் வந்தது.

பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "ரிவர்ஸில் போட்டு ஓட்டாதீர்கள் தம்பி, விசிறிக்கு அந்தப் பக்கம் பலம் குறைவு" என்றார். பல மாடல்களில் கைப்பிடித் தலையைத் தண்டோடு பிடித்திருக்கும் திருகைக் கழற்றி, தலையை மட்டும் அரைவட்டம் திருப்பி மாட்டலாம். பிறகு முன்னோக்கிய கியரிலேயே முழு பலத்தோடு அமரம் இழுபடும், கைப்பிடியும் நம் பக்கமே இருக்கும். உங்கள் மாடல் அதற்கு இடம் தருகிறதா என்று கையேட்டில் பாருங்கள். பின்பலகை தாழ்ந்த படகில், அலை பெரிதாக இருக்கும் நாளில், இந்த வித்தை வேண்டாம். தண்ணீர் நேராக உள்ளே வரும்.

* * *

அடுத்து பேட்டரி. ஏரி நடுவில் நின்றுபோன ஒரு படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தேன். புதிய லித்தியம் பேட்டரி, பழைய வோல்ட்மீட்டர். நிற்பதற்குச் சற்று முன்புகூட மீட்டர் 13-ஐ ஒட்டித்தான் காட்டியது என்று படகுக்காரர் நொந்துகொண்டார். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஈய அமில பேட்டரி தீரும்போது மோட்டார் சோர்ந்து சோர்ந்து முன்கூட்டியே சொல்லிவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கடைசி வரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டில், ஒரே தெம்பில் ஓடிவிட்டு, உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் வெட்டியதும் செத்துவிடும். எத்தனை ஆம்பியர்-மணி வெளியே போனது என்று எண்ணிக் காட்டும் ஷன்ட் மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

1934-இல் அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரில் விசிறி பொருத்தித்தான் இந்த வகை மோட்டாரையே உருவாக்கினார். வோல்ட் குறைவு, ஆம்பியர் அகோரம் என்ற குணம் இன்றும் மாறவில்லை. 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் அளவுக்கு உறிஞ்சும். 100 ஆம்பியர்-மணி லித்தியத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வரும். ஈய அமிலத்தைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது, போதாக்குறைக்கு இவ்வளவு வேகமாக இழுத்தால் எழுதியிருக்கும் கொள்ளளவையே அது தராது. ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது.

வாங்கும்போது கியர் மாதிரி ஐந்து வேகம் கொண்டதா, வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாடு கொண்டதா என்று பாருங்கள். முதல் வகை குறைந்த வேகத்தில் மின்சாரத்தை மின்தடையில் சூடாக்கி வீணடிக்கும். இரண்டாவது வகையில் நாள் முழுக்க மெதுவாக ஊர்ந்தாலும் பேட்டரி தாங்கும். காசு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பெரிய பேட்டரி வாங்குவதைவிட இது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

* * *

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: விசிறிக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும் தூண்டில் நரம்பு. பழுது பார்க்க வந்த ஒரு மோட்டாரை என் எதிரிலேயே பிரித்தார்கள். நட்டைக் கழற்றி, விசிறியை இரு கையாலும் சமமாக உருவி எடுத்ததும், அச்சைச் சுற்றி நரம்பு வளையல் போல இறுகிக் கிடந்தது. உராய்ந்து உராய்ந்து பாதி உருகிக் கண்ணாடியாகியிருந்தது. அதைக் கத்தியால் கீறி எடுத்தால், அடியில் ரப்பர் சீலின் உதடு அறுந்திருந்தது. மோட்டாரைச் சாய்த்தபோது பழுப்பு நீர் வடிந்தது. சீல் அற்பம், உள்ளே துருப்பிடித்த பேரிங்தான் செலவு வைத்தது.

கரையேறியதும் விசிறியைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. அச்சில் குறுக்கே செருகியிருக்கும் சிறு 'பின்' ஊசி, விசிறி பாறையில் மோதினால் உடைவதற்கென்றே இருக்கிறது, ஆகவே உபரியாக இரண்டு பின், ஒரு நட்டு, ஒரு ஸ்பேனர் படகிலேயே கிடக்கட்டும்.

* * *

கடல் கழிமுகத்தில் நன்னீர் மாடலைப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வேண்டாம். உப்புநீர் மாடல்களில் அரிப்பைத் தாங்கும் பூச்சும், தான் கரைந்து மோட்டாரைக் காக்கும் துத்தநாகத் துண்டும் இருக்கும். அவற்றையும் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும்.

கிளாம்ப் திருகுகள் அதிர்வில் தளரும். கிளம்பும் முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை கையால் முறுக்கிப் பாருங்கள். தண்டையும் படகின் வளையத்தையும் இணைத்து ஒரு கயிறும் கட்டுங்கள். கயிறு இல்லாமல் கிளாம்ப் நழுவினால், மூழ்கும் மோட்டாரைப் பிடித்து நிற்பது மின்கம்பி மட்டும்தான்.