ஊசி போடப் போட கிருமியும் மாறிக்கொள்ளாதா?

கேள்வி:
தடுப்பூசி முகாம்களில் செவிலியராக இருக்கிறேன். நேற்று குழந்தையோடு வந்த ஒரு தாய் இப்படிக் கேட்டார். எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, மனதை உறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அந்தத் தாயின் கேள்வி நியாயமானதுதான். நிமோனியா, மூளைக்காய்ச்சல் போன்றவற்றை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவில் 90 வகைக்கு மேல் உண்டு. 2000-இல் அமெரிக்காவில் வந்த தடுப்பூசி 7 வகைகளை மட்டும் குறிவைத்தது. அவை அடங்கின, அந்த இடத்தில் 19ஏ என்ற வகை பெருகியது. 2010-இல் அதையும் சேர்த்து 13 வகைகளுக்கான ஊசி வந்தது. இத்தனைக்கும் நடுவே குழந்தைகளுக்குக் கடும் நோய் மொத்தத்தில் வெகுவாகக் குறைந்தது. இதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள், பாதிக் கதையோடு அனுப்பிவிடாதீர்கள்.

தட்டம்மை அப்படியல்ல. 1963-இல் ஊசி வந்தது, வைரஸ் இன்றுவரை அதைத் தாண்டவில்லை. உடலுக்குள் நுழைய உதவும் புரதத்தை மாற்றிக்கொண்டால் அதனால் நுழையவே முடியாது.

பதில் 2:
மருந்திலும் இதைப் பார்க்கலாம். குளோரோகுயின் என்ற மருந்துக்கு மலேரியா கட்டுப்படாததால் ஆப்பிரிக்க நாடான மலாவி 1993-இல் அதைக் கைவிட்டது. பத்தாண்டுக்குள் எதிர்ப்புள்ள ஒட்டுண்ணிகள் அங்கே அநேகமாக மறைந்தே போயின. மருந்தின் நெருக்கடி இல்லாதபோது பழைய வகையே வலுவாகப் பெருகியது.

பதில் 3:
கிருமி மாறுவது மட்டுமல்ல, மறைந்தும் போகலாம். ஃபுளூ காய்ச்சல் வைரஸில் இன்ஃபுளுயன்சா பி யமகட்டா என்ற பிரிவு 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை. கொரோனாவுக்காக மக்கள் விலகி இருந்ததில் பரவ வழியில்லாமல் போயிருக்க வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அடுத்த தவணைக்கு அவர் வருவார். நிமோகாக்கஸ் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.