படப்புத்தகத்தில் எழுத்து எவ்வளவு இருக்கலாம்?

முதல்வரி:
வணக்கம். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்காக ஒரு கதை எழுதியிருக்கிறேன். மழைக்கு ஒதுங்க இடம் தேடி அலையும் ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றிய அந்தக் கதை 900 சொற்களுக்குச் சற்றுக் கூடுதலாக வந்திருக்கிறது. படம் வரைய ஒப்புக்கொண்ட ஓவியர், 'கருமேகங்கள் திரண்ட வானம்', 'நனைந்து ஒட்டிப்போன வெள்ளை ரோமம்' போன்ற வரிகளையெல்லாம் அடித்துவிட்டு, பாதிக்கும் குறைவாக மிச்சம் வைத்திருக்கிறார். படம் இருக்கிறது என்பதற்காக மொழியை இந்த அளவுக்குச் சுருக்கத்தான் வேண்டுமா?

பிழைதிருத்தி:
நீங்கள் எடுத்துக்காட்டிய இரண்டு வரிகளைப் பொறுத்தவரை ஓவியர் செய்தது சரியே. வானத்தின் கருமையையும் ரோமத்தின் வெண்மையையும் படமே காட்டிவிடும்போது, எழுத்து அதையே திரும்பச் சொன்னால் குழந்தை கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் எஞ்சாது. பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'ரோசீஸ் வாக்' நூலைப் பாருங்கள். கோழி ஒன்று பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டு இரவு உணவுக்குத் திரும்புகிறது என்பதைத் தவிர எழுத்தில் வேறொன்றும் இல்லை. ஆனால் படங்களில் ஒரு நரி பின்தொடர்ந்துகொண்டே வருகிறது, குளத்தில் விழுகிறது, மாவில் புதைகிறது, கடைசியில் தேனீக்களிடம் மாட்டிக்கொள்கிறது. நரி என்ற சொல் ஓரிடத்தில்கூட வராததால், வாசிக்கத் தெரிந்த பெரியவர் சொல்லாமல் விட்டதை வாசிக்கத் தெரியாத குழந்தை முந்திக்கொண்டு சொல்கிறது.

மழலைக்காது:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் சொற்களை எண்ணிப் பார்த்து வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த நூல்கள் உரக்க வாசிக்கப்படுபவை. அன்றாடப் பேச்சில் காதில் விழாத சொற்கள் குழந்தைக்கு வந்து சேரும் முக்கியமான வழிகளில் இதுவும் ஒன்று. ஓவியரால் வரைய முடியாதவற்றை நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஓசை, மணம், குளிர், காத்திருப்பு, ஆட்டுக்குட்டி மனத்துக்குள் நினைப்பது. மழை 'சடசட'வென்று தொடங்கி 'சொட்டுச் சொட்டாக' ஓய்வதைத் தூரிகை எப்படிக் காட்டும்? ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வியை ஆட்டுக்குட்டி கேட்குமானால், சிறிது நேரத்தில் குழந்தையும் கூடச் சேர்ந்து கேட்கும். அந்த வரியை மட்டும் யார் சொன்னாலும் அடிக்க விடாதீர்கள்.

நடுமடிப்பு:
நான் வடிவமைப்புப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பெரும்பாலான படப்புத்தகங்கள் 32 பக்கங்களில் அமைவதற்குக் காரணம் அச்சகம்தான். ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் 16 பக்கத் தொகுதியை ஃபாரம் என்போம். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. தலைப்பு, பதிப்பு விவரம் ஆகியவை போக, கதைக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு இரட்டைப் பக்கங்கள் கிடைக்கும். எட்டுத் தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்துத் தைத்தால் 32 பக்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், தயார். உங்கள் வரிகளை வெட்டி அதில் ஒட்டிப் பாருங்கள். ஓவியரோடு வாதிடுவதைவிட அது விரைவாகப் பயன் தரும். ஆட்டுக்குட்டி கதவைத் தட்டுவது வலப்பக்கத்தின் அடியில் முடிந்து, திறப்பது யார் என்பது பக்கத்தைத் திருப்பிய பிறகு தெரிய வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டும் வந்தால் கண் முதலில் விடைக்குப் போய்விடும். ஆட்டுக்குட்டியின் முகம் நடுமடிப்பில் விழாதபடி பார்த்துக்கொள்வது ஓவியரின் பொறுப்பு, உங்களுடையதன்று.

முதல்வரி:
அனைவருக்கும் நன்றி. டம்மி செய்யத் தொடங்கிவிட்டேன். படத்தில் என்ன வர வேண்டும் என்பதை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓவியருக்குக் குறிப்பாக எழுதிக் கொடுக்கலாமா?

பிழைதிருத்தி:
எழுத்தில் இல்லாத ஒன்று படத்தில் நடந்தாக வேண்டும் என்ற இடங்களில் மட்டும் எழுதுங்கள். 'ஆட்டுக்குட்டிக்குப் பயமே இல்லை' என்று எழுத்து சொல்லும்போது அது மேசைக்கடியில் ஒளிந்திருக்க வேண்டுமானால், அதற்குக் குறிப்பு தேவை. கதவின் நிறத்தை அவரே முடிவு செய்யட்டும்.