ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படாத கேண்டிடாவும் தாவர எண்ணெய்களும்: எங்கள் அனுபவங்கள்

ஆய்வகப் பணியாளர் ஒருவர்:

மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். ஃப்ளூகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்துக்குக் கட்டுப்படாத கேண்டிடா கிளாப்ரேட்டா, கேண்டிடா க்ரூசி ஆகிய ஈஸ்ட் வகைப் பூஞ்சைகள் எங்களிடம் வருவது இப்போது அரிதன்று. முதுநிலை மாணவி ஒருவரின் ஆய்வேட்டுக்காக அவற்றின் மீது கிராம்பு, ஓமம், எலுமிச்சைப்புல் எண்ணெய்களைச் சோதித்தோம். ஓம எண்ணெயில் நனைத்த காகித வில்லையைச் சுற்றி ஈஸ்ட் வளராத தெளிந்த வளையம் பெட்ரித் தட்டின் விளிம்புவரை விரிந்திருந்தது. ஃப்ளூகோனசோல் வில்லையையோ ஈஸ்ட் நெருக்கமாக ஒட்டியே வளர்ந்திருந்தது. பூஞ்சையின் செல் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப்பொருள் உருவாகத் தேவையான ஒரு நொதியைத்தான் அம்மருந்து தடுக்கிறது. அந்த நொதி மாறினாலோ, மருந்தை வெளியேற்றும் பம்புகள் பெருகினாலோ ஈஸ்ட் தப்பிவிடும். ஓமத்தின் தைமாலும் கிராம்பின் யூஜெனாலும் செல் சவ்வையே நேரடியாகச் சிதைக்கின்றன.

ஆனால் அந்த வளையத்தைப் படமெடுத்து ‘இயற்கை வென்றது’ என்று பரப்புவதை நான் ஏற்கமாட்டேன். மூடிய தட்டுக்குள் எண்ணெயின் ஆவியும் சேர்ந்து வேலை செய்கிறது. உடலில் அந்த மூடி கிடையாது. தவிர, சவ்வைச் சிதைக்கும் பொருள் நம் சளிச்சவ்வுச் செல்களையும் விட்டுவைப்பதில்லை.

மகளிர் நலப் பிரிவுச் செவிலியர் ஒருவர்:

அதை நான் நோயாளிகளிடமே பார்த்திருக்கிறேன். அரிப்பும் வெள்ளைப்படுதலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த, சர்க்கரை நோயுள்ள ஒரு பெண்மணி, ஆஸ்திரேலிய மரமொன்றின் இலையிலிருந்து எடுக்கும் டீ ட்ரீ எண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து பஞ்சில் நனைத்து உள்ளே வைத்திருந்தார். சிவந்து வீங்கி, சிறுநீர் கழிக்கவே அஞ்சும் நிலையில் வந்தார். “மூலிகைதானே சிஸ்டர், என்ன செய்துவிடப் போகிறது?” என்றார். வளர்சோதனையில் கிளாப்ரேட்டா வந்தது. புண் ஆறிய பிறகு மருத்துவர், இரவுதோறும் உள்ளே வைக்கும் 600 மி.கி. போரிக் அமிலக் கேப்சூலை 14 நாட்களுக்கு எழுதிக் கொடுத்து, அதை விழுங்கினால் நச்சு என்று அழுத்திச் சொன்னார்; சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார்.

எண்ணெய்களை அடியோடு ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படாத வாய்ப்பூஞ்சை கொண்ட 13 எய்ட்ஸ் நோயாளிகளுக்கு டீ ட்ரீ எண்ணெய்க் கரைசலைக் கொப்பளிக்கக் கொடுத்த அமெரிக்க ஆய்வொன்று 1998-இல் வெளிவந்தது. அவர்களில் பலருக்குக் குணம் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத அந்தச் சிறு ஆய்வை நம்பி, இரத்தத்தில் பரவிய கேண்டிடா ஆரிஸ் என்னும் இன்னொரு கேண்டிடா வகைக்கு எண்ணெய் தேடுவது உயிரோடு விளையாடுவதாகும். அங்கே முதலில் தேவைப்படுவது எக்கினோகேண்டின் என்னும் வகைப் பூஞ்சைக்கொல்லி ஊசி மருந்துதான்.

வீட்டில் எதைத் தடவியிருந்தாலும் மாதிரி எடுக்கும் முன் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். எண்ணெய் படிந்த மாதிரியில் ஈஸ்ட் வளராமல் போய், நோயே இல்லை என்பதுபோல முடிவு வந்துவிடக்கூடும்.