ஆறாவது நரம்பு வாதம், ‘மூளை எம்ஆர்ஐ நார்மல்’: அடுத்து எங்கே தேடுவது?

மூன்றாமாண்டு_பிஜி

வணக்கம். ஐம்பதைத் தாண்டிய ஆண், பல வருடச் சர்க்கரை. ஒரு மாதமாக வலப்பக்கம் பார்த்தால் எல்லாம் பக்கவாட்டில் இரண்டாகத் தெரிகிறது. வலது கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை, அதாவது அதைத் திருப்பும் ஆறாவது மூளை நரம்பு வேலை செய்யவில்லை. இமையும் கண்மணியும் சரியாக இருக்கின்றன. கேட்டால் வலது கன்னமும் மேலுதடும் கொஞ்சம் மரத்திருப்பதாகச் சொல்கிறார்.

வெளியே எடுத்த எம்ஆர்ஐ: 5 மிமீ ஸ்லைஸ், கான்ட்ராஸ்ட் இல்லை. ‘புதிய இன்ஃபார்க்ட் (ரத்தமின்றிச் செத்த பகுதி) இல்லை. வலது மாஸ்டாய்டில் (காதுக்குப் பின்னுள்ள எலும்பு) லேசான திரவம். மற்றபடி நார்மல்’ என்று ரிப்போர்ட். சர்க்கரையால் வந்த நரம்பு வாதம்தான், மூன்று மாதம் பார்க்கலாம் என்பது வார்டில் பேச்சு. மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லலாமா? சொன்னால் எந்த ப்ரோட்டோகால், படத்தை எந்த வரிசையில் பார்ப்பது?

---

நியூரோ_வாசிப்பு

எடுத்தே ஆகவேண்டும். சர்க்கரையால் நுண் ரத்தக்குழாய் அடைத்து வரும் வாதம் ஆறாவது நரம்போடு நின்றுவிடும், கன்னத்தை மரக்கவைக்காது. கன்னமும் மேலுதடும் ஐந்தாவது நரம்பின் இரண்டாம் கிளைக்குச் சொந்தம். ஆறும் ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இடங்கள் குறைவு: பெட்ரஸ் முனை (காதெலும்பின் உள்நுனி), மெக்கல் குகை (ஐந்தாவது நரம்பின் முடிச்சு இருக்கும் பை), கேவர்னஸ் சைனஸ் (பிட்யூட்டரிக்குப் பக்கவாட்டில் உள்ள சிரைக்குழி). ஆக, பார்க்க வேண்டியது மூளையை அல்ல, மண்டையடியை. பழைய ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அந்தப் படத்தில் மண்டையடியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நரம்பின் வழியிலேயே நடந்து போங்கள். நியூக்ளியஸ் (நரம்பு தொடங்கும் செல்தொகுதி) பான்ஸின் (மூளைத்தண்டின் நடுப்பகுதி) பின்பக்கம், நான்காம் வென்ட்ரிகிளின் (மூளைநீர் அறை) தரையை ஒட்டி இருக்கிறது. அங்கே அடிபட்டால் ஒரு கண் மட்டும் நிற்காது, இரண்டு கண்ணும் அந்தப் பக்கம் திரும்பாது. ஏழாவது நரம்பும் அதைச் சுற்றிக்கொண்டு போவதால் முகமும் கோணும். இவருக்கு இரண்டும் இல்லை, எனவே பான்ஸில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நரம்பு பான்ஸும் மெடுல்லாவும் (மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி) சேரும் பள்ளத்தில் வெளியே வந்து, பான்ஸுக்கு முன்னுள்ள சிஸ்டர்னில் (மூளைநீர் தேங்கும் இடம்) மேல்நோக்கி ஏறுகிறது. ஏஐசிஏ (முன்-கீழ் சிறுமூளைத் தமனி) இங்கே குறுக்கே போகும், சிலருக்கு நரம்பின் முன்னால், சிலருக்குப் பின்னால். தொட்டுக்கொண்டிருப்பதை வைத்து மட்டும் நோய் என்று எழுதக்கூடாது. பிறகு கிளைவஸின் (பான்ஸுக்கு முன்னுள்ள சரிவான மண்டையடி எலும்பு) டியூராவைத் (மூளையின் வெளியுறை) துளைத்து டொரெல்லோ கால்வாய்க்குள் நுழைகிறது. பெட்ரஸ் முனைக்கும் கிளைவஸுக்கும் நடுவில், பெட்ரோஸ்பீனாய்டல் லிகமென்ட்டுக்கு அடியில், சிரைப் பின்னலுக்குள் ஒரு குறுகிய சந்து அது. நரம்பு அசைய முடியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூளை அழுத்தம் ஏறினாலும், சிஎஸ்எஃப் (மூளைநீர்) கசிந்து மூளை கீழே இறங்கினாலும் ஆறாவது நரம்பு இழுபடுவதற்கு இந்தப் பிடிமானம் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பெட்ரஸ் முனையில் சீழ் பிடித்து, காது ஒழுகல், முகவலி, ஆறாவது நரம்பு வாதம் மூன்றும் சேர்ந்து வருவதை கிராடெனிகோ 1904-இல் விவரித்ததும் இந்த இடத்தை வைத்துத்தான்.

அடுத்தது கேவர்னஸ் சைனஸ். மூன்று, நான்கு, ஐந்தின் முதல் இரண்டு கிளைகள் பக்கச் சுவரில் ஓடுகின்றன. ஆறாவது மட்டும் உள்ளே, கரோடிட் தமனியின் வெளிப்பக்கம் ஒட்டிப் போகிறது. கரோடிட்டைச் சுற்றியுள்ள சிம்பதெடிக் இழைகள் (கண்மணியை விரிப்பவை) கொஞ்ச தூரம் இதோடு சேர்ந்து போவதால், ஆறாவது வாதத்தோடு அதே பக்கக் கண்மணி சிறுத்து இமையும் லேசாக இறங்கியிருந்தால் கேவர்னஸ் சைனஸ் என்றே சொல்லிவிடலாம். கண்மணியை இருட்டறையில் ஒருமுறை பாருங்கள். வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் தப்பிப்போகும்.

---

கன்சோல்_பக்கம்

ப்ரோட்டோகாலுக்கு நான் எழுதுகிறேன். ‘எம்ஆர்ஐ பிரெயின் வித் கான்ட்ராஸ்ட்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் பழைய படமேதான் கான்ட்ராஸ்ட்டோடு திரும்பி வரும்.

சிஸ்டர்னில் நரம்பைப் பார்க்க நீரை நல்ல வெள்ளையாகக் காட்டும், டி2 தன்மை மிகுந்த 3டி படம் (பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்): சீமென்ஸில் சிஸ், ஜிஇயில் ஃபியஸ்டா-சி, ஃபிலிப்ஸில் டிரைவ் அல்லது பேலன்ஸ்டு எஃப்எஃப்இ. ஸ்லைஸ் 0.5 முதல் 0.6 மிமீ, இடைவெளி கிடையாது. ஆறாவது நரம்பு சாய்ந்து ஏறுவதால் ஆக்ஸியலில் (கிடைவெட்டு) ஒவ்வொரு ஸ்லைஸிலும் ஒரு புள்ளியாகத்தான் வரும். ரீஃபார்மாட் செய்து நரம்பின் சாய்வில் ஒரு சாஜிட்டல் (முன்பின் நெடுவெட்டு) வெட்டினால் முழு நீளமும் கிடைக்கும். 3டெஸ்லாவில் பெட்ரஸ் எலும்பின் காற்றுக்குப் பக்கத்தில் பட்டைப் பட்டையாகக் கறுப்புக் கோடு விழும். அதை நரம்பென்று நினைக்க வேண்டாம். இந்தப் படத்தில் நரம்பும் கறுப்பு, தமனியும் கறுப்பு. எது எது என்று பிரிக்க டிஓஎஃப் (ஓடும் ரத்தத்தை வெள்ளையாகக் காட்டும் எம்ஆர்ஐ) பக்கத்தில் இருக்க வேண்டும்.

எலும்பையும் துளைகளையும் பார்க்க, கான்ட்ராஸ்ட்டுக்கு முன்பு ஃபேட் சாட் (கொழுப்பின் ஒளியை அமுக்கும் முறை) போடாத டி1 (கொழுப்பு வெள்ளையாகத் தெரியும் படம்), ஆக்ஸியல், கரோனல் (இட-வல நெடுவெட்டு), 3 மிமீ. இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். மண்டையடியில் கொழுப்புதான் நமக்கு இயற்கையான கான்ட்ராஸ்ட். பிறகு 0.1 மில்லிமோல்/கிலோ கெடோலினியம் (கான்ட்ராஸ்ட் மருந்து), ஃபேட் சாட் 3டி டி1 1 மிமீக்குள். சர்க்கரை நோயாளி என்பதால் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) முன்பே பார்த்துவிடுங்கள். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் சாதாரண ஃபேட் சாட் அந்த இடத்தில் குலைந்து, கொழுப்பே கான்ட்ராஸ்ட் ஏறியதுபோல் பளிச்சிடும். டிக்ஸன் (கொழுப்பையும் நீரையும் பிரித்தெடுக்கும் முறை) இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். கான்ட்ராஸ்ட் கொடுத்த பிறகு ஸ்டிர் (கொழுப்பை அமுக்கும் இன்னொரு முறை) எடுப்பது வீண்: கெடோலினியம் ஏறிய திசுவையும் அது சேர்த்தே அமுக்கிவிடும்.

---

மூன்றாமாண்டு_பிஜி

நன்றி. ஸ்கேன் நாளைக்கு. இதற்கிடையே பழைய படத்தைத் திறந்தேன். டி1-இல் இடது பெட்ரஸ் முனை நல்ல வெள்ளை, வலது கறுப்பு. கிளைவஸும் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் மங்கலாக இருக்கிறது. கரோனல் டி2-இல் வலது மெக்கல் குகை இடதைப் போல வெள்ளையாக இல்லை. எதை நம்புவது?

---

நியூரோ_வாசிப்பு

பெட்ரஸ் முனையைத் தனியாக வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு பக்கம் காற்றறை, மறுபக்கம் கொழுப்பு மஜ்ஜை என்று சமச்சீர் இல்லாமல் இருப்பது மிகச் சாதாரணம். அந்த இடது வெள்ளை பெரும்பாலும் மஜ்ஜைதான். ஃபேட் சாட் படத்தில் அணைந்துவிடும். அணையாமல் டி1, டி2 இரண்டிலும் வெள்ளையாக நின்றால்தான் கொலஸ்டிரால் கிரானுலோமா (புற்றல்லாத ஒரு பை). வலது கறுப்பு காற்றா, கட்டியா என்பது இந்த டி1 படத்தை மட்டும் வைத்துத் தீராது. மெல்லிய எலும்பு சிடி அரை நிமிடத்தில் சொல்லிவிடும்.

கிளைவஸ் வேறு கதை. இந்த வயதில் அங்கே கொழுப்பு மஜ்ஜை நிறைந்திருக்க வேண்டும். டி1-இல் பான்ஸைவிடக் கறுப்பாக இருந்தால் மஜ்ஜையை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடும் ரத்தசோகையிலும் கறுக்கும், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு பக்கம் மட்டும் என்பது கெட்ட அடையாளம். மெக்கல் குகையிலும் அப்படியே: இரண்டிலும் சிஎஸ்எஃப் இருப்பதால் கரோனல் டி2-இல் இரண்டும் ஒளிர வேண்டும். ஒன்று மட்டும் கண்ணடித்ததுபோல் மூடியிருந்தால் அங்கே ஏதோ நிறைந்திருக்கிறது. 5 மிமீ படத்திலேயே இது தெரிகிறது என்றால் நாளைய ஸ்கேன் சும்மா உறுதிப்படுத்தும்.

அங்கிருந்து முன்னோக்கிப் போங்கள். இரண்டாம் கிளை ஃபொராமென் ரொட்டண்டம் என்ற துளை வழியாக டெரிகோபாலட்டைன் பள்ளத்துக்குப் (மேல்தாடைக்குப் பின்னுள்ள குழி) போகிறது. கரோனலில் இரண்டு துளை தெரியும்: மேலே வெளிப்பக்கம் ரொட்டண்டம், கீழே உட்பக்கம் விடியன் கால்வாய். மாற்றிச் சொல்பவர்கள் அதிகம். பள்ளத்தில் கொழுப்பு இருந்தால் ஃபேட் சாட் இல்லாத டி1-இல் வெள்ளையாக இருக்கும். அது அழிந்திருந்தால் நரம்பைப் பிடித்துக்கொண்டு கட்டி ஏறியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: துளைகளில் நரம்பைச் சுற்றியுள்ள சிரைப் பின்னலுக்கும், மெக்கல் குகையின் அடியில் பிறை மாதிரி இருக்கும் நரம்பு முடிச்சுக்கும் (கேங்லியன்) கான்ட்ராஸ்ட் ஏறுவது இயல்பு. நடுவில் நரம்பு கறுப்பாகத் தெரிந்து சுற்றி வளையம் மட்டும் ஒளிர்ந்தால் விட்டுவிடலாம்.

---

காது_மூக்கு_தொண்டை

மாஸ்டாய்டு திரவத்தை யாரும் தொடவில்லையே. பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் திரவம் தேங்கினால் நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு வரும் யூஸ்டேகியன் குழாயின் வாயை யார் அடைத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும். ‘லேசான மாஸ்டாய்டைட்டிஸ்’ என்று எழுதி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாசித்தொண்டையில், அந்த வாய்க்குப் பின்னுள்ள ரோசன்முல்லர் பள்ளத்தை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். மழுங்கியிருந்தால் எண்டோஸ்கோப்பி, சந்தேகமான இடத்தில் பயாப்ஸி. நாசித்தொண்டைப் புற்று பெரும்பாலும் ஃபொராமென் லாசெரம் (மண்டையடித் துளை), பெட்ரஸ்-கிளைவஸ் இடுக்கு வழியாக மேலேறும். முதலில் மாட்டுவது ஆறும் ஐந்தும். இந்தியாவில் வடகிழக்கில், குறிப்பாக நாகாலாந்தில் இது அதிகம். நம் பக்கம் குறைவு என்பதாலேயே நினைவுக்கு வராமல் போகிறது.

ஏஜேசிசி (புற்றின் பரவலை நிலைகளாகப் பிரிக்கும் முறை) கணக்கில் மண்டையடி எலும்பு பிடித்தால் கட்டி டி3 நிலை, மண்டைக்குள் போனாலோ மூளை நரம்பு பாதித்தாலோ டி4 நிலை. ஸ்கேனை சி2-வோடு (இரண்டாம் கழுத்தெலும்பு) நிறுத்தாமல் கழுத்து முழுக்க எடுக்கச் சொல்லுங்கள், ஃபாரிங்ஸுக்குப் பின்னுள்ள நிணமுடிச்சும் கழுத்து முடிச்சுகளும் அதே அமர்வில் வந்துவிடும். சர்க்கரை இருப்பதால் மூக்கின் நடு டர்பினேட்டையும் (மூக்கினுள் உள்ள மடிப்பு) பாருங்கள். கான்ட்ராஸ்ட் ஏறாமல் கறுத்துக் கிடந்தால் மியூக்கர் (கறுப்புப் பூஞ்சை நோய்). அதற்கு வாரக்கணக்கு கிடையாது, அன்றே கூப்பிடுங்கள்.

---

கேத்லேப்_நண்பர்

பயாப்ஸிக்கு முன்னால் ஒரு கோரிக்கை: கரோடிட்டைப் பார்த்துவிடுங்கள். கேவர்னஸ் கரோடிட் அனியூரிசமும் (தமனிப் புடைப்பு) இதே கதையோடு வரும், ஆறாவது முதலில், பிறகு ஐந்தாவது. டி2-இல் வட்டமான கறுப்பு, ஃபேஸ் திசையில் துடிப்பின் நிழல் வரிசையாக விழுந்தால் அதில் ஊசி படக்கூடாது. பெரிய அனியூரிசத்தில் ரத்தம் மெதுவாகச் சுற்றுவதால் டிஓஎஃப்-இல் பாதிதான் தெரியும். உள்ளே உறைந்த பழைய ரத்தம் டி1-இல் வெள்ளை என்பதால் அதையே ஓட்டம் என்று நம்பவும் வாய்ப்புண்டு. சந்தேகம் வந்தால் சிடி ஆஞ்சியோ.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. டிஓஎஃப்-இல் கேவர்னஸ் சைனஸ் ஒளிர்ந்ததும் ஃபிஸ்டுலா (தமனி நேரே சிரையோடு இணைவது) என்று எழுதிவிடுகிறார்கள். கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் பின்னோக்கி ஏறினாலும், முக்கியமாக இடப்பக்கம், அப்படி ஒளிரும். மேல் கண்குழிச் சிரை பருத்திருக்கிறதா, கண் சிவந்து பிதுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதினால் வீண் ஆஞ்சியோகிராம் மிச்சம்.

---

மூன்றாமாண்டு_பிஜி

கோரிக்கைப் படிவத்தில் இப்படி எழுதியிருக்கிறேன், விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்: ‘வலது ஆறாவது நரம்பு வாதம், வலது வி2 (ஐந்தாவதின் இரண்டாம் கிளை) மரத்துப்போதல், வலது மாஸ்டாய்டு திரவம். மண்டையடி, நாசித்தொண்டை, கழுத்து. 3டி டி2, ஃபேட் சாட் இல்லாத டி1, டிஃப்யூஷன், டிஓஎஃப், கான்ட்ராஸ்ட் டிக்ஸன். எலும்பு சிடி 0.6 மிமீ.’

---

கன்சோல்_பக்கம்

போதும். டிஃப்யூஷனை (திசுவில் நீரின் அசைவைக் காட்டும் படம்) மட்டும் எக்கோ பிளானர் (வழக்கமான அதிவேக முறை) அல்லாத முறையில் கேளுங்கள். மண்டையடியில் காற்றுக்குப் பக்கத்தில் சாதாரண டிஃப்யூஷன் வளைந்து நெளிந்து, இருப்பதையும் மறைத்துவிடும்.