புதுப்பிப்பு: வேப் தாங்கியில் வந்த கருகல் சுவை

என் வேப்பில் (மின்சிகரெட்) புதுக் கொயில், அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளும் பஞ்சும், போட்ட பிறகும் இழுக்கும்போது தொண்டை எரிகிறது, கருகல் சுவை வருகிறது, அதுவும் இரவில்தான் என்று முன்பு எழுதியிருந்தேன். சரி, ஆளைப் பிடித்தாச்சு.

அந்தப் பதிவில் வவுனியாத் தம்பி கேட்டபடி அந்தக் கொயிலைப் பிரித்துப் பார்த்தேன். கம்பியை ஒட்டிய பஞ்சு கருகிப் பழுப்பேறிக் கிடந்தது. தாங்கியிலிருந்து திரவம் நுழையும் துளைப்பக்கம் இருந்தது இன்னும் வெள்ளை. திரவம் உள்ளே போய்ச் சேரவே இல்லை. சூடாக்கும் வாட் அளவோ கொயிலில் அச்சிட்ட வரம்புக்குள்தான். குற்றம் 80 வீதம் கிளிசரின் உள்ள திரவத்தில். கிளிசரின் குளிரில் தடிக்கும். காலபோக வயலுக்கு யானைக்காவல் போகிற தை மாதப் பனியில் அது தேன் மாதிரி நிற்கிறது, இந்தச் சின்னத் துளைக்குள் எங்கே இறங்கும்? கிளிநொச்சிப் பகல் வெயிலில் ஒரு கரைச்சலும் தராததும் அதனால்தான்.

இப்போது போடுகிற திரவத்தில் கிளிசரினும், அதைவிடத் தண்ணியான புரோப்பிலீன் கிளைக்கோலும் பாதிக்குப் பாதி. புதுப் பஞ்சில் சில துளி நேரே விட்டு, தாங்கியை நிரப்பி, பத்து நிமிடம் ஊறவிட்ட பிறகுதான் வாயில் வைக்கிறேன். அடுத்தடுத்து இழுப்பதும் இல்லை. கருகல் போய்விட்டது.

பழைய கொயிலைக் கழுவிக் காயவைத்துப் போடச் சொன்ன அண்ணை குறை நினைக்கக் கூடாது. கருகின பஞ்சு கழுவித் திருந்தாது, குப்பைக்குப் போய்விட்டது.